வெளியே போட்ட நாற்காலி

எங்கள் வீட்டு டி.வி.யை வாங்கியது நான். காபித் தோட்டத்தில் பழம் பறித்து, சீட்டுக் கட்டி, அந்தச் சீட்டை எடுத்து, சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினேன். மலைப்பாதை வளைவுகளில் எங்கேயாவது இடித்து உடைந்துவிடப் போகிறது என்று மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாப் வந்து சேரும்வரை அதை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தவளும் நான்தான். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறவளும் நானே. ஆனால் ஆட்டம் சூடு பிடித்தால் அந்த அறையை விட்டு வெளியே போகவேண்டிய ஆளும் நானேதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் என்னவென்றால், எனக்கு ராசி இல்லையாம்.

நாகலூரில் எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு எங்களுடையது. மாமனார், வீட்டுக்காரர், கொழுந்தன், நான் என்று நாலு பேர். மாமனார் எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அடிவாரத்துக்கும் மலைக்குமாக ஸ்டியரிங் பிடித்த கை இப்போது ரிமோட்டைப் பிடித்திருக்கிறது, யாருக்கும் கொடுப்பதில்லை. விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். இன்ன விளையாட்டு என்று கிடையாது, வியர்த்து விறுவிறுத்து இரண்டு பேர் மோதிக்கொண்டால் போதும். வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் அவரே பெயர் வைத்துவிடுவார். டென்னிஸ் ஆடுகிறவர் ‘இடதுகையன்’. ஓட்டக்காரர் ‘நெட்டைக்காலன்’. கால்பந்தில் கோல் காக்கிறவர் ‘வேலிக்காரன்’. கிரிக்கெட் கேப்டன் மட்டும் மரியாதையாகக் ‘கேப்டன்’.

எனக்கும் இவர்கள் எல்லாரையும் பிடிக்கும். சும்மா பிடிக்கும் என்று சொன்னால் போதாது. தோட்டத்தில் பெண்கள் சீரியல் கதை பேசிக்கொண்டே பழம் பறிப்பார்கள். நான் இடதுகையன் தோற்கிற நிலையிலிருந்து எப்படி மீண்டார் என்று சொல்லத் தொடங்குவேன். பாதிக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எனக்கே அந்தக் கதையின் கடைசிப் பாதி தெரியாது என்பதுதான் கொடுமை. மாமா சொல்லக் கேட்டதைத்தான் நான் பார்த்த மாதிரி சொல்வேன்.

இது ஆரம்பித்தது ஒரு கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில். கேப்டன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டு வந்து வைத்தேன், அவரோடு ஜோடியாக ஆடியவர் அவுட். சரி, ஆட்டத்தில் அதெல்லாம் சகஜம் என்று அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து முறுக்குத் தட்டோடு வந்தேன், கேப்டனே அவுட். மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

“கண்ணு, ஒண்ணும் நெனச்சுக்காத. கொஞ்ச நேரம் வெளிய காத்தாட நின்னுட்டு வர்றியா?” என்றார்.

நின்றேன். ஜெயித்துவிட்டார்கள். அன்றைக்கு என் தலையெழுத்து முடிவானது.

அதன் பிறகு இது எல்லா விளையாட்டுக்கும் பரவியது. வேலிக்காரன் பெனால்டி பிடிக்க நிற்பார், எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். இடதுகையன் கடைசி செட்டில் திணறுவார், வீட்டுக்காரர் தொண்டையைக் கனைப்பார். நெட்டைக்காலன் கதை இன்னும் மோசம். நாலு வருஷம் காத்திருந்து பார்க்கிற ஓட்டம் அது. நான் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டுவதற்குள் ஓடியே முடித்துவிட்டார். உள்ளே ஒரே கூச்சல். நான் போனதால்தான் ஜெயித்தாராம். அவர் ராப்பகலாகப் பயிற்சி எடுத்தது எல்லாம் என் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

நான் சண்டை போடாமல் இல்லை.

“ஏனுங்க, போன தடவ கேப்டன் தோத்தப்ப நான் வெளியதானுங்க நின்னேன்? அதுக்கு யாரு ராசி?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். கொழுந்தன் டிகிரி படித்தவன், எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாக இருக்கிறவன். அவனாவது புத்தியோடு பேசுவான் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க சன்னல் வழியா எட்டிப் பாத்திருப்பீங்கண்ணி” என்றான்.

இதற்கு என்ன சொல்வது? தோற்றால் நான் பார்த்தேன், ஜெயித்தால் நான் பார்க்கவில்லை. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்த வழக்கில் எனக்கு விடுதலை கிடையாது.

இதில் என்னை அதிகமாகக் கடுப்பேற்றியது மாமாவோ கொழுந்தனோ அல்ல, நான் கொண்டாடிய அந்தப் பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஏதோ ஒரு பேட்டியில் கேப்டன் எப்போதும் இடது காலுக்குத்தான் முதலில் பேடு கட்டுவார் என்று சொல்லிவிட்டார்கள். இடதுகையன் தரையில் போட்ட கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வேலிக்காரன் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இத்தனை திறமையை வைத்துக்கொண்டு இவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? மாமாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

“அத்தன பெரிய ஆளுகளே ராசி பாக்குறாங்கன்னா, நாமெல்லாம் எம்மாத்திரம் கண்ணு?” என்றார்.

செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் கிடைக்கும். மேகம் இறங்கி முகமெல்லாம் ஈரமாக, முந்தானைக்குள் போனை மறைத்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் போனில் ஆட்டம் டி.வி.யைவிடப் பிந்தித்தான் வரும். எனக்கு பவுலர் ஓடிவர ஆரம்பிக்கும்போதே லைன் வீடுகளில் விசில் பறக்கும். என்ன நடக்கப்போகிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகு அதை நடுங்கிக்கொண்டு பார்ப்பதைவிடச் சும்மா இருக்கலாம். கடைசியில் காதை மட்டும் பழக்கிக்கொண்டேன். மாமா “அடக் கடவுளே” என்றால் நம் ஆள் அவுட், கொழுந்தன் பெஞ்சைத் தட்டினால் பவுண்டரி. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இப்படியே பல கோப்பைகளை நான் காதால் ஜெயித்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது முட்டிக்கட்டுக்காரி விஷயத்தில்தான்.

அவள் பேட்மிண்டன் ஆடுகிறவள். இடது முட்டியில் கறுப்புத் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆடுவாள். மாமா வைத்த பெயர்களில் எனக்குப் பிடிக்காத பெயர் அது, ஆனால் எனக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. முட்டியில் ஆபரேஷன் செய்து, இனி ஆடவே மாட்டாள் என்று எல்லாரும் சொன்ன பிறகு திரும்பி வந்தவள். எனக்கும் இடது முட்டிதான். சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து நின்று பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்த முட்டி. நானும் துணியைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அவள் பின்னால் சாய்ந்து குதித்து இறங்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். பாயின்ட் போனால் முகம் சுளிக்கமாட்டாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்கு நிற்பாள். அவளைப் பார்த்த பிறகு நான் முட்டி வலி என்று லீவு போடுவதை விட்டேன்.

அப்போது நடந்துகொண்டிருந்த போட்டியோடு அவள் ஓய்வு பெறுகிறாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன்.

“மாமா, அவ ஆட்டத்த மட்டும் நான் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாக்கோணுங்க. ஒரு தடவயாச்சும்.”

மாமா ரிமோட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார். மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவரைப் போல இருந்தார்.

“செரி கண்ணு. பாரு” என்றார்.

அரையிறுதி சனிக்கிழமை மதியம். வேலையை முடித்து, கை காலைக் கழுவி, டி.வி.க்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். முதல் செட்டை அவள் ஜெயித்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெயித்தாள்! கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது செட் போயிற்று. மூன்றாவதில் அவள் கால் இழுத்துக்கொண்டது. எதிரி அதைக் கண்டுகொண்டு மூலைக்கு மூலை ஓடவிட்டாள். பாயின்ட் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீட்டுக்காரர் தொண்டையைக் கனைக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களாம். அந்த அமைதிதான் என்னைப் பிடுங்கித் தின்றது. ஒருவேளை, ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமாக இருந்தால்? என்னால் இவள் கடைசிப் போட்டி இதோடு முடிந்துபோனால்?

எழுந்து வெளியே போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கொழுந்தன் பெஞ்சை உடைக்கிற மாதிரி தட்டினான். மாமா வாசலுக்கே ஓடிவந்துவிட்டார்.

“நீ எந்திரிச்ச பாரு கண்ணு, அங்க திரும்புச்சு ஆட்டம்! நொம்ப பெரிய மனசு உனக்கு!”

அவள் ஜெயித்தது சந்தோஷம். ஆனால் எனக்கு அழுகையாக வந்தது. அவள் எப்படித் திரும்பினாள், எந்தப் பாயின்டில் திரும்பினாள், எதுவும் நான் பார்க்கவில்லை. போதாததற்கு, இத்தனை வருஷம் நான் ஒத்துக்கொள்ளாத ஒன்றை என் காலே எழுந்து ஒத்துக்கொண்டுவிட்டது. இனி நான் எந்த வாயால் சண்டை போடுவது?

மறுநாள் ஞாயிறு, இறுதி ஆட்டம். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தால், வாசல் ஆரஞ்சு மரத்தடியில் வீட்டில் இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பனி ஈரம் படாமல் அதன்மேல் ஒரு சாக்கு விரித்திருந்தார்கள். பக்கத்தில் துவைக்கிற கல்மேல் என் சால்வை மடித்து வைத்திருந்தது. ஒரு சொம்பில் சுக்குக் காபிகூட இருந்தது.

“கல்லுல உக்காந்தா முட்டி வலிக்குமே உனக்கு. அதான்” என்றார் மாமா. உண்மையான பாசத்தோடுதான் சொன்னார். அவர் உட்காருகிற நாற்காலி அது. எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். சுக்குக் காபியைப் பார்த்தேன். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே தள்ளியதில்லை. இன்றைக்கு இதில் உட்கார்ந்தேன் என்றால் சாகும்வரை என் இடம் இதுதான் என்று பளிச்சென்று தெரிந்தது. உள்ளே டி.வி.யில் ஆட்டக்காரர்களை அழைக்கிற சத்தம் கேட்டது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கினேன். உள்ளே கொண்டுபோய் டி.வி.க்கு நேர் எதிரே, கை எட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் இருக்கிறவர்களுக்குப் பாதி டி.வி. மறைந்திருக்கும். மறையட்டும்.

“கண்ணு, கடைசி ஆட்டம். தோத்துருவாளே சாமி” என்றார் மாமா, கெஞ்சுகிற குரலில்.

“தோக்கட்டுங்க மாமா” என்றேன்.

அவள் தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசையா என்ன? ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் கால் இழுத்தபோது எழுந்திருக்கவில்லை. மூன்றாவது செட்டில் பின்னால் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு என் முதுகையே பார்ப்பது தெரிந்தபோதும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பாயின்ட் விடாமல் பார்த்தேன்.

தோற்றுவிட்டாள்.

கொழுந்தன் “போச்சு” என்று எழுந்து போனான். வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா ரிமோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

டி.வி.யில் அவள் இன்னும் இருந்தாள். எதிரியைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். பிறகு தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியில் இருந்த கறுப்புப் பட்டையை அவசரமில்லாமல் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அதை ஒழுங்காகச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். இத்தனை வருஷத்தில் கட்டு இல்லாத அந்த முட்டியை நான் பார்த்ததே இல்லை. நீளமாகத் தழும்பு ஓடியது. அவள் அதை ஒரு தரம் தடவிக்கொண்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நொண்டாமல் நடந்து போனாள்.

அதைப் பார்க்க அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. வாசலுக்கு வெளியே மேகம் இறங்கிவிட்டிருந்தது. ஆரஞ்சு மரத்தடியில் மாமா உட்கார நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.