பீரோக் கதவில் ஒட்டிய விமானம்

விமானம் ஓட்டும் உரிமத்தோடு ஆவடிக்கு வந்து இறங்கியபோது, அடுத்த மாதமே யூனிஃபார்ம் மாட்டிவிடுவேன் என்று நினைத்தேன். நினைப்புதான்! ஒன்றே முக்கால் வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சிப் பள்ளியில் நான் ஓட்டியதெல்லாம் ஆட்டோவில் ஏறுகிற கூட்டத்தைக்கூட ஏற்ற முடியாத சின்ன விமானம். பெரிய விமானத்தில் உட்கார வேண்டுமானால் ஏதாவதொரு கம்பெனி கூப்பிட வேண்டும், அதன் தேர்வில் தேற வேண்டும், பிறகு அந்த ரக விமானத்துக்கென்று தனியாகப் பயிற்சி முடிக்க வேண்டும். இதையெல்லாம் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது? மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா, "இன்னா பைலட்டு, இன்னும் ஊட்லயே குந்தினுகீறே?" என்பார். சிரித்து வைப்பேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாக ஒரு கம்பெனி கூப்பிட்டது. தேறிவிட்டேன். வெளியூரில் சிமுலேட்டர் என்கிற பறக்காத மாதிரி விமானத்தில் பயிற்சி ஆரம்பிக்குமுன், என்னைப் போன்றவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த சுவிட்சை எப்போது தொட வேண்டும், தொட்டுவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போகும்வரை பழகுவார்கள். எங்கள் வீட்டில் காலிச் சுவருக்கு எங்கே போவது? அம்மாவின் இரும்பு பீரோவில், இரண்டு கதவையும் சேர்த்து ஒட்டினேன். அம்மா புடவை எடுக்கும்போதெல்லாம் என் விமானம் இரண்டாகப் பிளக்கும்.

வலது நாற்காலி எனக்கு. இடது நாற்காலி கேப்டனுக்கு, அதாவது என் தங்கைக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐடி வேலை முடித்து, மின்சார ரயிலில் நசுங்கி வந்து, முகம்கூடக் கழுவாமல் மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிடுவாள். "ஃபிளாப்ஸ் ஒன்!" என்று அதிகாரமாகக் கத்துவாள். ஃபிளாப் என்பது தரையிறங்கும் நேரத்தில் மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையை அகலமாக்கும் ஏற்பாடு. நான் படத்தில் இருக்கும் அதன் லிவரைத் தொட்டு, "ஃபிளாப்ஸ் ஒன்" என்று திருப்பிச் சொல்வேன். அவள் நோட்டில் டிக் போடுவாள். நாளாக நாளாக வேகம் கூடியது. "செம ஸ்பீடுக்கா!" என்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியூர்ப் பயிற்சியின் முடிவில் வைத்த முதல் தேர்வில் அந்த வேகம்தான் என்னைக் கவிழ்த்தது. சிமுலேட்டரில் பக்கத்து இருக்கையில் இருந்த கேப்டன் ஃபிளாப் கேட்டார். நான் லிவரைத் தொட்டேன், "ஃபிளாப்ஸ் ஒன்" என்றேன், கையை எடுத்துக்கொண்டேன். லிவர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐயோ, நான் அதை நகர்த்தவே இல்லை! படத்தில் எது நகரும்? சிமுலேட்டரில் சில நாள் நகர்த்திப் பழகியிருந்தும், தேர்வு அவசரத்தில் என் கை பீரோவுக்கே திரும்பிவிட்டது; மாதக்கணக்கில் அது கற்றுக்கொண்டது தொடுவதை மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சுவிட்சிலும் அதையே செய்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வாளர் போதும் என்று நிறுத்திவிட்டார். செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறீர்கள், உங்களை நம்பி ஒருவர் எப்படிப் பக்கத்தில் உட்காருவார் என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பத்து நாளில் மறுதேர்வு, அதுவும் ஒரே ஒருமுறை. அதிலும் தவறினால் வேலை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் அந்தப் படத்தைக் கிழிக்க ஆரம்பித்தேன். தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாத்துக்குக்கா கிழிக்கிறே?"

"எல்லாம் உன்னாலதான்டி! நான் சும்மா தொட்டதுக்கெல்லாம் டிக் போட்டே இல்ல?"

அபாண்டம். சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவள் முகம் சுருங்கிப்போனது. சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கை நிறைய ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மைகள். கிழிந்த இடத்தை டேப் போட்டு ஒட்டி, லிவர் இருக்கும் இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாகப் பதித்தாள். ஃபிளாப் லிவருக்கு ஒரு வாழைப்பழம் வந்து சேர்ந்தது.

"இப்ப நகர்த்து" என்றாள்.

நகர்த்தினேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்து வாழைப்பழத்தை மறுபடியும் மேலே தள்ளிவிட்டு, எல்லாம் செய்தாயிற்றா என்று சரிபார்க்கும் செக்லிஸ்ட்டில் அதையே கேட்டாள்.

"ஃபிளாப்ஸ்?"

"ஒன்."

"கண்ண எங்க வெச்சிகினுகீறே? வாழப்பழம் மேலயே கீது பாரு."

"நீ தள்ளி வெச்சிட்டு என்னைச் சொல்றியா?"

"ஆமா, நான்தான் தள்ளி வெச்சேன். பாக்காம நீ ஏன் சொன்னே?"

இரண்டு நாள் அவளோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து, வாயைத் திறக்குமுன் என் கண் தானாக அந்த வாழைப்பழத்துக்குப் போனது. வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. அவளோ ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, பகல் முழுக்க அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

மறுதேர்வு அன்று கேப்டன் ஃபிளாப் கேட்டார். லிவரை நகர்த்தினேன். 'ஃபிளாப்ஸ் ஒன்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண், ஃபிளாப் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் திரைக்குப் போனது. அங்கே எதுவும் மாறவில்லை. பின்னாலிருந்த தேர்வாளர், ஃபிளாப் சிக்கிக்கொண்டதுபோல வேண்டுமென்றே செய்து வைத்திருந்தார்.

"இல்லை. ஃபிளாப் நகரவில்லை" என்றேன். கோளாறுக்கு உரிய செக்லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஃபிளாப் இல்லாமலே, கூடுதல் வேகத்தில் ஓடுதளத்தில் இறங்கினோம். தேர்வாளர் எழுந்து, தேறிவிட்டீர்கள் என்று கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் தங்கைக்குப் போன் போட்டேன். ஆபீஸில் இருந்தாள். பாஸா என்று அவள் கேட்கவில்லை.

"பாத்தியாக்கா?" என்றாள்.

"பாத்தேன்டி. வாழப்பழம் நகரல. நகரலன்னு சொல்லிட்டேன்."

ஆபீஸில் அத்தனை பேருக்கு நடுவில், அவள் ஓவென்று அழுவது கேட்டது. அன்றைக்கு அப்படித் திட்டியதற்கு மன்னித்துவிடு என்று அப்போதுதான் கேட்டேன்.