பாப்பா ஆல்பத்தில் ஒரு வெள்ளைப் படம்

பாப்பாவின் போட்டோக்களை யாரோ ஒரு கம்பெனியிடம் கொடுப்பானேன் என்று, கோவில்பட்டி வீட்டிலேயே பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஆல்பம் சாஃப்ட்வேர் போட்டுச் சேமித்தேன். மஸ்கட்டில் இருக்கும் கணவரும் பார்க்கட்டுமென்று இன்டர்நெட்டில் இணைத்தேன். சாஃப்ட்வேரோடு எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும் பாஸ்வேர்டை மட்டும் மாற்றவில்லை. எங்கள் தெருவுக்கே தெரியாத பெட்டியை எவன் தேடி வரப்போகிறான் என்ற அசட்டை.

ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். "ஏட்டி, பாப்பா படத்துக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு கெடக்கே, நீயா போட்ட?"

"நான் ஒண்ணும் போடலியே."

திறந்து பார்த்தேன். வெள்ளைப் படத்தில் யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: 'உங்கள் ஆல்பம் திறந்து கிடக்கிறது. பாஸ்வேர்டை மாற்றுங்கள்.'

உடனே இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். பாப்பா எந்த ஸ்கூல், எந்தத் தெரு என்று அந்தப் படங்களே சொல்லிவிடும்.

பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. எழுதிவிட்டுப் போனவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். எழுதாமல் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.