இலவசம் வேண்டாம், விலையைக் குறை

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அந்தப் பெண்ணை, உடன் வேலை பார்ப்பவர்கள் கப்பல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கடலைப் பார்த்ததுகூட இல்லை. கணவர் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்த கம்ப்யூட்டரில் சரக்குக் கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். அதிலும் இலவசமாகக் கிடைத்தது முன்னோட்டம் மட்டும். துறைமுகத்துக்குள்ளேயே சுற்றலாம், வாசலைத் தாண்டப் போனால், 'முழு விளையாட்டை வாங்கவும்' என்று திரை மறிக்கும்.

வாங்கித்தான் விடுவோமே என்று இணையக் கடையில் விலையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய மாதச் சம்பளத்தில் பாதி.

மறுநாள் சலவைக்கூடத்தில் இதைக் கேட்டதும், பக்கத்தில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, அந்தக் காசுக்கு நெஜக் கப்பல்லயே ஏறி எறங்கிடலாம். மொபைல் கடைக்காரர் திருட்டுக் காப்பி போட்டுத் தர்றாராம். பேசாம அத வாங்கிக்கோங்க."

"நான் எதுக்குத் திருடணும்? காசு குடுத்து வாங்கத்தான் நிக்கிறேன். எங்களால குடுக்க முடியுற மாதிரி வெல வைக்கச் சொல்லு."

"யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"செஞ்சவங்ககிட்டத்தான்."

சொன்னபடியே செய்தாள். விளையாட்டை உருவாக்கியவர்கள் தொலைதேசத்தில் இருந்த ஒரு கணவனும் மனைவியும். மொழிபெயர்க்கும் செயலியை வைத்துக்கொண்டு, 'உங்கள் விளையாட்டு அருமை. உங்கள் விலை எங்கள் சம்பளத்தைப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை' என்று எழுதினாள். உருகி ஒரு பதில் வந்தது. கூடவே, அவளுக்கு மட்டும் முழு விளையாட்டையும் இலவசமாகத் திறந்துவிடும் ரகசிய எண்ணும் வந்தது.

அந்த எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு வந்ததத் தட்டி விடுறீங்களே! என்ன வீம்பு அண்ணி இது?"

"எனக்கு மட்டும் சும்மா குடுத்துட்டா என் வாய் மூடிடும். மத்தவங்களுக்கு வெல அப்படியேதானே இருக்கும்? நான் தர்மம் கேக்கல, நியாயமான வெல கேக்குறேன்."

அத்தோடு விடவில்லை. கடையில் அந்த விளையாட்டுக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில், சம்பளத்தில் எவ்வளவு போனால் கட்டுப்படியாகும் என்று தன் நாட்டுக்காரர்களைக் கேட்டாள். ஒரு கொத்தனார் எழுதினார், ஒரு நர்ஸ் எழுதினாள், வேலை தேடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். நடுவே ஒரு வசதிக்காரர் மூக்கை நுழைத்தார்: 'கையில் காசில்லாதவர்களுக்கு விளையாட்டு ஒரு கேடா?'

கப்பல்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. 'ஓட்டலில் நீங்கள் காலை நீட்டிப் படுக்கும் விரிப்பை நான்தான் தேய்த்தேன். தேய்த்து முடித்தபின் எனக்கும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதில் நான் என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் கேட்கவில்லை' என்று போட்டாள். அதற்குக் குவிந்த ஆதரவில் அவர் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்.

சில வாரங்களில் அந்தத் தம்பதி எல்லோருக்குமாகப் பதில் எழுதினார்கள். தங்கள் நாட்டு விலையை அப்படியே மற்ற நாட்டுப் பணத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டதாகவும், அங்கே யாருக்கு எவ்வளவு கூலி என்று யோசிக்கவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். விலை ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. கொத்தனார் வாங்கினார். நர்ஸ் வாங்கினாள். கப்பல்காரியும் தன் காசில் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு துறைமுக வாசலைத் தாண்டினாள். போன வேகத்தில் பாறையில் மோதிக் கப்பல் கவிழ்ந்தது.

நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுக்கா அண்ணி இம்புட்டுச் சண்டை?"

"என் காசு, என் கப்பல். கவுத்தா உனக்கென்ன? தள்ளி உக்காரு."

அடுத்த கப்பலை எடுத்தாள்.