யாரும் காத்திராத கணக்கு

கணினிப் பெட்டியின் முதுகுப் பக்கத்தில், உள்ளே இருக்கும் சூட்டை விசிறி வெளியே தள்ளுவதற்குச் சல்லடை போல ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டியபடி எங்கள் கல்லூரி எலக்ட்ரீஷியன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது கண்ட காட்சி அது. ஒரு பெட்டியில் கை காட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பிறகு அதற்கும் அடுத்தது. வரிசையாகப் பிள்ளைகளுக்கு ஜுரம் பார்ப்பது போல இருந்தது. நாற்பது கணினிகளிலும் திரை அணைந்திருந்தது. ஆனால் நாற்பதும் சூடாக இருந்தன.

"இன்னா மேடம், ஆள் ஒர்த்தர் இல்ல. எல்லாம் ஓடிகினு கீது?" என்றார்.

பிடிபட்டுவிட்டேன் என்று தெரிந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில் இருந்த பொறியியல் கல்லூரி அது. நான் அங்கே கணினி ஆய்வகப் பொறுப்பாளர். கரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள். செங்கல்பட்டில் ஒரு மாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தேன். திருமணம் அமையவில்லை, பிறகு நானும் அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள். மற்ற ஆசிரியர்கள் கல்லூரிப் பேருந்தில் கூட்டமாக உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டு போவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். அந்தக் காலத்தில்தான் யாரிடமும் கேட்காமல் ஆய்வகக் கணினிகளில் அந்த வேலையை ஓடவிட்டிருந்தேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். உலகத்தில் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்திடம் மிகப் பெரிய கணக்கு ஒன்று இருக்கும். ஒரே இயந்திரத்தில் போட்டால் ஆயுள் போதாது. அதனால் அதைப் பொடிப்பொடியாக உடைத்து, மனமுள்ளவர்களின் சும்மா கிடக்கிற கணினிகளுக்கு அனுப்புவார்கள். நம் கணினி தன் பங்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த பொடியை வாங்கிக்கொள்ளும். நான் சேர்ந்திருந்தது வானத்தைக் கேட்கிற திட்டம். பெரிய வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த இரைச்சலுக்குள் யாராவது வேண்டுமென்றே அனுப்பிய ஒலி இருக்கிறதா என்று தேடுவது.

அவர் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கேர்ந்து எவனாச்சும் பேசினா இன்னா பண்ணுவீங்க மேடம்? இங்க பக்கத்துல கீறவங்களாண்டயே நீங்க பேசறதில்ல" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. பல்ப் ஃபியூஸ் போயிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

அவர் யாரிடமும் போட்டுக்கொடுக்கவில்லை. "ஒளிச்சு மட்டும் பண்ணாதீங்க. ஒரு நாளைக்கு ஏசி புட்டுக்கும், என் தல உருளும். பிரின்ஸிபாலாண்ட நேராப் போய்க் கேளுங்க" என்றார். கேட்டேன். முதல்வர் நல்ல மனிதர். வகுப்பில்லாத பகல் நேரங்களில் ஓடலாம், ஆனால் ஒரே ஒரு திட்டம்தான், ஏன் அந்தத் திட்டம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள் என்றார். தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்றாக மாறியது அப்படித்தான்.

அதற்குள் அலுவலக எழுத்தர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எலக்ட்ரீஷியன் மனைவிக்குக் காசநோய், அதுவும் மருந்துக்கு அடங்காத வகை, கொஞ்சம் தள்ளியே இருங்கள் என்றார். அவர் ஏன் எப்போதும் பேட்டரிகள் வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறார் என்பது அன்றுதான் புரிந்தது. மற்ற ஊழியர்கள் அவரோடு உட்கார்வதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு நோய் இல்லை. பரிசோதனை செய்து சீட்டும் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அதை யாரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லையாம்.

மறுநாள் அவரை ஆய்வகத்தை ஒட்டிய என் சின்ன அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தார். கருவாட்டுக் குழம்பு வாசனையோடு டப்பாவைத் திறந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த நேரத்தில் என் கை, நான் சொல்லாமலே, மேசை மேல் இருந்த என் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். எதுவுமே நடக்காதது போல அன்று முழுவதும் மழையைப் பற்றிப் பேசினோம். ஆனால் அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த பாட்டில் மேசையில் உராய்ந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். முதல்வர் கேட்ட பக்கத்துக்காக நான் போட்ட பட்டியலில் நான்கு திட்டங்கள் இருந்தன. ஒன்று வானம். இரண்டாவது, மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவது. மூன்றாவது, பூமியின் வானிலையைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. நான்காவது, காசநோய்க் கிருமியின் கெட்டியான மேலுறைக்குள் எந்த மருந்து மூலக்கூறு புகும் என்று கணக்கிடுவது. ஒவ்வொன்றையும் பற்றி வாரக்கணக்கில் படித்தேன். யார் நடத்துகிறார்கள், கிடைக்கிற விடைகளை எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்களா, எங்கள் பழைய கணினிகளால் கெடுவுக்குள் முடித்துக் கொடுக்க முடியுமா என்றெல்லாம் பார்த்தேன். சில திட்டங்கள் ஒரே கணக்கை இரண்டு பேருக்கு அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளும். என் கணினி போடுகிற அதே கணக்கை, எந்த ஊரிலோ, முகம் தெரியாத ஒருவரின் கணினியும் போட்டுக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அந்த நாட்களில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டினேன். நான்காவதைச் சொன்னபோது குரலைத் தணித்துக்கொண்டேன். அவர் கட்டாயம் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

"அது வேணாம் மேடம்" என்றார்.

"ஏனுங்கண்ணா?"

"அது வச்சா நான் தினம் வந்து ஆச்சா ஆச்சான்னு கேட்டுனு இருப்பேன். வானமே இருக்கட்டும். அதுக்கோசரம் யாரும் காத்துனு இல்ல."

அன்று அவர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல்வருக்கு நான் எழுதிக்கொடுத்த பக்கத்தில் காசநோய்தான் இருந்தது. ஏழைகளைத் தாக்கும் நோய், அதற்கு மருந்து தேட ஆட்கள் குறைவு, கிடைக்கும் முடிவுகள் யாருக்கும் சொந்தமில்லை, கணினிகளின் திறனுக்கு ஏற்றது. எல்லாமே சரியான காரணங்கள். எழுதாமல் விட்ட காரணம் அந்தத் தண்ணீர் பாட்டில். இழுத்துக்கொண்ட பாட்டிலுக்கு ஈடாக நாற்பது கணினிகளை அவர் பக்கம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அவர் என்ன வேண்டாம் என்றாரோ, அதையே அவருக்கு நல்லது என்று நானாக முடிவு செய்தேன்.

முதல்வர் கையெழுத்துப் போட்ட செய்தியை எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொன்னேன். பிறகு, அவர் பயந்தபடியே, கேட்க ஆரம்பித்தார். "இன்னிக்கி எவ்ளோ முட்ஞ்சிது மேடம்?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். திருப்பி அனுப்பிய கணக்குகள் எத்தனை என்று சொல்வேன். அந்த எண்ணிக்கைக்கும் ஒரு மருந்து மாத்திரைக்கும் நடுவில் எத்தனை வருட தூரம் இருக்கிறது என்று முதலில் ஒரு தடவை சொன்னேன். தலையாட்டினார். ஆனால் மறுநாளும் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"எங்கூட்ல குடுத்து வுட்டாங்க. நாப்பது மிசினு உனக்கோசரம் ஓடுதுன்னு சொன்னேன். சிரிக்குது."

அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். முருங்கைக்காயைச் சாம்பாரில் போட்டு, என் மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் அவர் பத்து நாள் வேலைக்கு வரவில்லை. மனைவி இறந்துவிட்டதாக எழுத்தர்தான் சொன்னார். கல்லூரியிலிருந்து யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. சாலையெல்லாம் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று ஒரு குழல்விளக்கை மாற்ற ஆய்வகத்துக்கு வந்தார். மொட்டைத் தலை, தோளில் ஏணி. விளக்கை மாட்டிவிட்டு இறங்கி, வரிசையாக நின்ற கணினிகளைப் பார்த்தார்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுதுங்கண்ணா."

"இதுக்குத்தான் வேணாம்னேன்" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு மதியம் அவர் என் அறைக்கு வரவில்லை. தை பிறந்ததும் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகக் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

பிறகு நானும் அந்தக் கல்லூரியை விட்டேன். இப்போது மாமல்லபுரத்துக்கு வெளியே, கடல் தெரியாத, ஆனால் உப்புக்காற்று மட்டும் தவறாமல் வருகிற ஒரு தெருவில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை. கணினி ஒன்றுதான், அதில் காசநோய்க் கணக்கு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் அவரிடம் மறுபடியும் ஏதோ தவறு செய்வது போல இருக்கும் என்று தோன்றியது.

போன மாதம் அந்தத் திட்டத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கணக்கிடும் கட்டம் நிறைவடைந்தது, இனிப் புதிய பணிகள் அனுப்பப்பட மாட்டா, பங்கெடுத்த அனைவருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். இந்தச் செய்தியைச் சொல்வதற்கு உலகத்தில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவர் ஊர் திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. விசாரித்துப் போனேன். வீட்டு வாசலில் காத்திருந்தேன். நாலரை மணிக்குக் கம்பெனிப் பேருந்து முக்கில் நின்றது. நீலச் சட்டையும் நரைத்த தலையுமாக இறங்கி வந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. "மேடம்!" என்று அவர் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது.

டீ போட்டுக் கொடுத்தார். மகனும் மருமகளும் கூடுவாஞ்சேரியில் இருக்கிறார்களாம். நான் செய்தியைச் சொன்னேன்.

"முட்ஞ்சிச்சா? மருந்து கண்டுபுட்ச்சாங்களா?"

"இல்லீங்கண்ணா. இனிமேதான் ஆராய்ச்சிக்கூடத்துல பார்ப்பாங்க. நாம போட்ட கணக்குல முக்காவாசி, இது ஒத்து வராது, அது ஒத்து வராதுன்னு சொன்ன கணக்குதான்."

அவர் டம்ளரைக் கையில் உருட்டினார். "அப்ப ஒத்து வராதத தெரிஞ்சிகினாங்க. இன்னொருத்தன் அதையே திரும்பத் தேட வேணாம்."

"ஆமாங்க."

"அது போதும்" என்றார்.

எனக்குத் தைரியம் வந்தது. அன்றைக்கு நான் இழுத்துக்கொண்ட பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "பாத்தேன் மேடம். மத்தவங்க எங்கூட உக்காரவே இல்ல. நீங்க உக்காந்துட்டு பாட்டில நவுத்தினீங்க. பரவால்ல." மன்னித்தாரா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "இதுல ஓடுமா அது?"

சார்ஜில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடும் என்றேன். இப்போது எந்தெந்தத் திட்டங்கள் இருக்கின்றன என்று கேட்டார். வானம், எண்கள் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன்.

"நோவுல சொல்லுங்க. ஆனா நமக்குத் தெரிஞ்சவங்க யார்க்கும் இல்லாத நோவா ஒண்ணு இருக்கணும். அப்பதான் நான் கேக்க மாட்டேன்."

ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஓர் ஆள் இருந்தார். இது எங்க மாமியாருக்கு இருந்தது. இது பேருந்து ஓட்டுநரின் தங்கச்சிக்கு. இதில்தான் என் தோழன் போனான். இது எதிர் வீட்டுப் பொண்ணுக்கு, இப்போது தேவலை. ஒவ்வொரு பெயருக்கும் நின்று, அவர்களைப் பற்றி ஒரு கதை சொல்லி, தலையை ஆட்டி அடுத்ததைப் படிக்கச் சொன்னார். கடைசியில், குழந்தைகளின் தசையைத் தாக்குகிற ஒரு அபூர்வ நோய் வந்தது. அதன் பெயரை நானே திக்கித்தான் படித்தேன். வெகுநேரம் யோசித்தார். "இது யார்க்கும் இல்ல. இத போடுங்க" என்றார். போட்டுக்கொடுத்தேன். சுவரோரம் சார்ஜரில் செருகி, நாற்காலி மேல் பத்திரமாக வைத்தார்.

மாமல்லபுரம் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் போனார். வீட்டுக்கு வந்து என் கணினியின் முன் உட்கார்ந்தேன். எனக்கும் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் சொன்ன வழியிலேயே போகலாம் என்று பட்டியலின் முதல் நோயை எடுத்துக்கொண்டு, இது எனக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. இரண்டாவது, மூன்றாவது. இல்லை. அவருக்கு ஒரு சாயங்காலமே தேவைப்பட்ட பட்டியலை நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். எந்த நோய்க்கும் என்னிடம் ஆள் இல்லை. நோய் இல்லாததால் அல்ல. யாருக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

கணினியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருடத்தில் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளாக இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

"காலுக்கு என்னங்கக்கா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கீரைத் தட்டைச் சற்று நகர்த்தி, எனக்கு உட்கார இடம் விட்டார்.