டைரக்டர் காரின் கசிவும் நயினாரும்

நயினார் போய்விட்ட செய்தி எனக்குக் கல்கத்தா லேக் மார்க்கெட் காப்பித்தூள் கடையில் கிடைத்தது. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "முன்னாடி உங்க ஆபீஸ்ல ஏ.சி. பாத்தாரே, நயினார், அவரு முந்தாநேத்து போயிட்டாரு சார். நெஞ்சு வலி" என்றார். பொட்டலத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நம் தமிழ்ச் சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். முதலில் பேசியவர் எங்கள் கம்பெனியின் பழைய போக்குவரத்து அதிகாரி. "நயினார் எனக்குத் தம்பி மாதிரி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வாயில் கசப்பு ஊறியது. எழுந்து மறுக்கத் தைரியம் வரவில்லை. அதனால்தான் நம் சங்க இதழில் எழுதுகிறேன்.

ஆறுமுகநயினார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சியில் குடியிருந்துகொண்டு, எங்கள் கம்பெனியின் ஏ.சி.களை ஒப்பந்தத்தில் பார்த்துவந்தார். வங்காளிகளுக்கு அவர் நயினார்தா, அதாவது நயினார் அண்ணன். நான் அந்த அதிகாரியின் கீழ் போக்குவரத்துப் பிரிவில் குமாஸ்தா. எண்பத்திரண்டிலோ மூன்றிலோ நடந்தது இது. அப்போது கல்கத்தாவில் ஏ.சி. வைத்த கார் அபூர்வம். எங்களிடம் இருந்தது ஒன்றுதான், டைரக்டருடைய அம்பாசிடர்.

அந்த மே மாதம் அதில் கேஸ் தங்கவே இல்லை. அடைத்த பத்தாம் நாள் வெறும் சுடுகாற்று வந்தது. டிரைவர் ஹரிபதா குழாயைக் குடைந்து கெடுத்துவிட்டார் என்று சொல்லி, அதிகாரி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். ஹரிபதா யூனியன் ஆள். அதிகாரிக்கு அவரை முன்பிருந்தே ஆகாது. கார் நிற்கும் செட்டின் வாசலில் ஹரிபதா, "ஆமி கிச்சு கொரினி, நயினார்தா" என்று அழுதார். தான் ஒன்றுமே செய்யவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல அவருக்கு வரவில்லை.

நயினார் மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். எங்கும் குமிழி வரவில்லை. "கேஸ் கண்ணுக்குத் தெரியாது. அதுகூட ஒழுகுற எண்ணெய் தெரியும். அழுக்கு எங்க ஈரமா ஒட்டியிருக்குன்னு பாக்கணும்" என்பார். என்ஜின் பக்கம் எல்லாம் காய்ந்து கிடந்தது. கசிவு பார்க்கும் விளக்கைப் பற்றவைத்து, அதன் ரப்பர் குழாயை டேஷ்போர்டுக்கு அடியில் நீட்டினார். கேஸ் கலந்த காற்றை இழுத்ததும் நீலச் சுடர் பச்சையானது.

அங்கேயிருந்த குளிர்ப்பெட்டியின் மூடியைத் திறந்தபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஊறிப்போன சிகரெட் சாம்பல், பாக்குத் துணுக்குகள், பூசணம், செத்து உப்பிய ஒரு சுண்டெலி. அவர் வெறுங்கையால் அத்தனையும் வழித்துப் போட்டார். பின்னால் செம்புக் குழாயில் ஒரு ஸ்க்ரூவின் முனை இறங்கியிருந்தது. ஓட்டையைப் பாதி அடைத்தும் பாதி விட்டும் நின்றது. மேலே, அந்த ஸ்க்ரூ தாங்கிக்கொண்டிருந்தது புதிய கேசட் பிளேயரை. டைரக்டரை மகிழ்விக்க அதிகாரி தன் மைத்துனனைக் கொண்டு பொருத்திய பிளேயர் அது.

அதிகாரி வந்து பார்த்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும், நயினார். டிரைவர் கைவச்சுக் கெட்டதுன்னு எழுதிடலாம். அவனை எப்படியும் அனுப்பணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "டைப் பண்ணிக் கொண்டாங்க."

பண்ணினேன். மூன்று வரி, ஒரு பிழையும் இல்லாமல்.

நயினார் அதை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்து, "நீங்களும் பாத்தீகள்லா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாளைக் கீழே வைத்தார். "அந்தப் பொட்டிக்குள்ள இவ்வளவு நேரம் கைய விட்டிருந்தேன், கொமட்டல. இதத் தொட்டதுக்குக் கொமட்டுது."

கையெழுத்துப் போடவில்லை. டைரக்டர் வந்து பார்க்கும்வரை எதையும் அசைக்க மாட்டேன் என்று வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போது செட்டுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டார். ஒப்பந்தம் போய்விடும் என்று அதிகாரி மிரட்டியதற்கு, "போட்டும் சார்" என்றார். மூன்றாம் நாள், வெயிலில் வெந்துபோன டைரக்டர் தாமே செட்டுக்கு வந்தார். நயினார் டார்ச் அடித்துக் காட்டினார். டைரக்டர் குனிந்து ஸ்க்ரூவையும் மேலேயிருந்த பிளேயரையும் பார்த்துவிட்டு, ஹரிபதாவைத் திரும்ப எடுக்கச் சொன்னார்.

ஹரிபதா மறுநாள் வேலைக்குத் திரும்பினார். நயினார் ஸ்க்ரூவை உருவி, குழாயின் ஓட்டையைப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்து, உள்ளிருந்த காற்றை முழுக்க இழுத்தெடுத்த பிறகே கேஸ் அடைத்தார். அந்தக் கோடை முழுதும் வண்டி குளிர்ந்தது. அதிகாரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதவி உயர்வோடு பாட்னா கிளைக்குப் போனார். போகுமுன் நயினாரின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுப் போனார். இன்று நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

நான் சாந்த்ராகாச்சிக்குப் போய் நயினாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு நீங்க ஒண்ணும் பண்ணலியே. அந்த மனுசன்ட்ட கேளுங்க. எழுதி அனுப்பாதீக, நேர்ல போங்க" என்றார். ஹரிபதாவிடம் போக எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. தடுமாறிய வங்காள மொழியில் சொல்லி முடித்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

மன்னிப்பு கிடைக்காது என்று தெரிந்தாலும் நேரில் போய் நிற்பது: நயினாரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இது. ஆனால் அவர் விஷயத்திலேயே அதைச் செய்யாமல் விட்டேன். அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்த கடிதத்தையும் டைப் செய்தது நான்தான். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. இது அச்சாகி அவர் மனைவியின் கைக்குப் போவதற்குள் சாந்த்ராகாச்சிக்குப் போய், அந்த அம்மாவிடம் நானே சொல்லிவிட வேண்டும்.