நகத்துக்குள் இருந்த மண்

என் மகள் மருத்துவப் படிப்பை விட்டுத் தொல்லியலுக்கு மாறி இரண்டு வருடமாகிவிட்டது. சொந்தக்காரர் யாருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. "மகள் டொக்டருக்குப் படிக்கிறா" என்று தொலைபேசியில் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் ஜெர்மனியில் அண்ணன் வீட்டுக் கல்யாணம். அவளும் அப்போது அங்கே, ரைன் நதிக்கரையில் ரோமர் காலத்துக் காவற்கோட்டை ஒன்றைத் தோண்டும் குழுவோடு நின்றாள். ஒஸ்லோவிலிருந்து காரில் போய், அவளையும் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வாங்கிய புதுச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, அவர்கள் தோண்டும் இடத்தில் போய் இறங்கினேன்.

கோட்டை என்றதும் என்னவோ பெரிதாக நினைத்திருந்தேன். முழங்கால் உயரத்தில் நாலு சுவர். எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் இதைவிடப் பெரிது. இதற்காகவா டொக்டர் படிப்பை விட்டாள் என்று எரிச்சல் வந்தது.

"அப்பா, இஞ்சை வாங்கோ" என்று குழிக்குள் கூப்பிட்டாள். சப்பாத்து சேற்றில் புதையப் புதைய இறங்கினேன். சின்னக் கரண்டியால் மண்ணை மெல்லிசாகச் சீவினாள். வெளிர் மண்ணில் வட்டமாக ஒரு கறுப்பு.

"இது வாசல் மரம் நிண்ட இடம். மரம் உக்கிப் போச்சுது, தடம் கிடக்கு. இதிலை நிண்டுதான் ஆத்துக்கு அங்காலை ஆர் வருகினம் எண்டு பாத்திருக்கினம்."

யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து வளவுக்குள் பங்கர் வெட்டி, பனங்குற்றி நட்டவன் நான். அந்தக் குற்றிகள் நின்ற இடமும் இப்படிக் கறுத்துக் கிடக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் பிள்ளை கண்டால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். மலைத்துப் போனேன். எவ்வளவு கெட்டிக்காரி!

பிறகு அவள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எவ்வளவு கழுவியும் நகத்துக்குள் மண் போகவில்லை. காரில் ஏறியதும் என் பழைய புத்தி திரும்பிவிட்டது.

"ஆர் கேட்டாலும் படிக்கிறன் எண்டு மட்டும் சொல்லு."

"ஓம்" என்றாள். கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அந்த 'ஓம்' என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

மண்டப வாசலில் அண்ணன் நின்றார். "எங்கடை டொக்டர் பிள்ளை வந்திட்டா! எப்ப படிப்பு முடியுது?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"அவ அதை விட்டு ரெண்டு வருசம், அண்ணை. நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றேன். "ரோமன்காரற்றை கோட்டை ஒண்டைக் கிண்டுறா. அங்கை இருந்துதான் நேரை வாறம்."

அண்ணன் சேறு அப்பிய என் சப்பாத்தைப் பார்த்தார். அதுவரை சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருந்த கைகளை மகள் வெளியே எடுத்து, அவருக்கு வணக்கம் சொன்னாள்.