நான்கு நீல லிங்க்குகள்

பீர்மேட்டில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் என் கடைக்கு வருகிறவர்கள், நான் கம்ப்யூட்டரில் புலி என்று நினைத்து வருவதில்லை. தமிழ் பேசுகிறவன், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன், ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் கத்தமாட்டான் என்று நினைத்து வருகிறார்கள். கடைசியாகச் சொன்னது தப்பு. நான் கத்துவேன். புலி என்ற நினைப்பும் எனக்கு உள்ளுக்குள் நிறையவே இருந்தது. அந்த நினைப்புதான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தது.

அவளுடைய அப்பா தேயிலை பாக்டரியில் வேலை செய்தார், அம்மா கொழுந்து எடுத்தார். பிளஸ் டூவில் அவள் வாங்கியிருந்த மார்க்குக்கு நர்சிங் சீட் கிடைத்துவிடும் என்று ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் வேண்டும். எங்களைப் போன்ற எஸ்டேட் தமிழர்களுக்கு அது லேசில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. குடும்பம் ரொம்பக் காலத்துக்கு முன்பே கேரளத்துக்கு வந்துவிட்டது என்று காட்ட வேண்டும். எதைக் காட்டுவது? நிலம் இருந்தால்தானே பட்டா. குடியிருக்கும் லயமும் எஸ்டேட்டுக்குச் சொந்தம். மிஞ்சியது எஸ்டேட் ஆபீசில் இருந்த பழைய செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரையும் நம்பரையும் எழுதிவைத்த பதிவேடு. அதில் நான்கு பக்கங்களில் அவளுடைய அப்பாவின் அப்பா இருந்தார். நானே ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போய் அந்த நான்கையும் எடுத்துவந்தேன்.

எஸ்டேட்டில் ஆளுக்குப் பெயர் இரண்டாம்பட்சம். செக்ரோல் நம்பர்தான் ஆள். அந்த நம்பருக்கு முன்னால் # என்று ஒரு குறி போடுவது ஆபீஸ் பழக்கம். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையின் உறைமேலேகூட அப்படி எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவுக்கும் அப்படி ஒரு நம்பர் இருந்தது. கை பழகிப்போனதால் நானும் ஒவ்வொரு படத்துக்கும் # போட்டு, தாத்தாவின் நம்பரோடு பக்க எண்ணையும் சேர்த்து ஃபைலின் பெயராக வைத்தேன்.

தாலுக்கா ஆபீசுக்கு ஆன்லைனில் போடும் விண்ணப்பத்தோடு ஒரே ஒரு பிடிஎஃப்தான் ஏற்ற முடியும், அதுவும் சின்ன அளவில். படங்களைச் சுருக்கிப் பார்த்தேன். ஏற்கெனவே மங்கியிருந்த மை எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. உடனே என் புத்தி வேலை செய்தது. படங்களை என் கடையின் வெப்சைட்டில் ஏற்றினேன். விளக்கக் கடிதத்தை வேர்டில் அடித்து, நான்கு பக்கங்களுக்கும் அதில் லிங்க் கொடுத்தேன். வேர்டில் இருந்தபோது நான்கையும் கிளிக் செய்தேன், நான்கும் திறந்தன. பிறகு பிடிஎஃப் ஆக மாற்றினேன். மாற்றியதைத் திறந்தால் நான்கும் நீல நிறத்தில், அடிக்கோட்டோடு, பார்க்க லட்சணமாக இருந்தன. லட்சணத்தைப் பார்த்தேனே தவிர கிளிக் செய்யவில்லை. எஸ்டேட்டுக்குப் போகும் ஷேர் ஜீப் கிளம்பிவிடும் என்று அவள் அப்பா வாசலில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, இது ஆயிருமில்ல?”

“ஆயிரும்ணே. நான் பண்ணி எது தப்பிருக்கு?”

இதை நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாமா என்று தோன்றும்.

இரண்டு வாரம் கழித்து விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. அவர் மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்தார்.

“ரேக ஒண்ணும் ஹாஜராக்கலன்னு எழுதிட்டாங்க தம்பி. நேர்ல போய்க் கேட்டா, லிங்க்குன்னு போட்டிருக்கே, தொட்டா ஒண்ணுமே வரல, ஆளப் பறஞ்சு பத்திக்கிறியான்னு அந்த சாரு சத்தம் போடுறாரு.”

ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டு, ஏமாற்றுகிறாயா என்று வேறு அவரைக் கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷனை. நான் தாலுக்கா ஆபீசைக் கண்டபடி திட்டினேன். அவர்களுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அந்த பிடிஎஃப்பைத் திறந்து முதல் லிங்க்கை அமுக்கினேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. நான்கும் அப்படியே.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. வேறு மென்பொருளில் திறந்து மாற்றினேன், லிங்க் இன்னும் மோசமானது. கடைசியில் வேர்டில் இருந்த முகவரியையும் பிடிஎஃப்பில் இருந்த முகவரியையும் மேலும் கீழுமாக வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். இணைய முகவரிக்குள் # அப்படியே நிற்க முடியாது, அதற்கு வேறு வேலை இருக்கிறது. அதனால் அதை %23 என்று மாற்றி எழுத வேண்டும். வேர்டில் அது சரியாகத்தான் இருந்தது. பிடிஎஃப் ஆக மாற்றிய நிரல், அந்த % குறியையும் மாற்ற வேண்டிய ஒன்றாக நினைத்து, அதை %25 ஆக்கியிருந்தது. இப்படி %23 என்பது %2523 ஆகிவிட்டது. வேஷத்துக்குமேல் வேஷம் போட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. கூடுதலாக இருந்தது 2, 5 என்ற இரண்டே எண்கள்.

சரிசெய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. # குறியை எடுத்துவிட்டு ஃபைல்களுக்கு வெறும் எண்ணாகப் பெயர் வைத்து, மறுபடியும் மாற்றி, இந்தத் தடவை ஒவ்வொன்றையும் மூன்று முறை அமுக்கிப் பார்த்தேன். புது விண்ணப்பம் போட்டேன். அவள் அப்பாவிடம் சர்வர் கோளாறு என்று சொன்னேன். அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

சான்றிதழ் வந்தது. வருவதற்குள் நர்சிங் சீட்டெல்லாம் ஒதுக்கி முடித்துவிட்டார்கள். ஆபீசில் இந்தத் தடவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். செக்ரோல் பக்கங்களைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முதல் தடவையே திறந்திருந்தால் அன்றைக்கே ஆகியிருக்கும் என்பது எனக்கு அப்போது உறைத்தது.

பிரிண்ட் வாங்க அவளே வந்தாள். அடுத்த வருஷம் போடலாமே என்றேன்.

“பாக்டரி வாரத்துல மூணு நாள்தான் ஓடுது. ஒரு வருஷம் வீட்ல சும்மா வச்சிருக்க அப்பாவால ஆவாதுண்ணே. குமுளியில ஒரு ரிசார்ட்ல ரூம் துடைக்க ஆள் கேட்டிருக்காங்க. திங்கக்கெழம போறேன்.”

நான் பிரிண்டருக்குத் தாள் வைத்தேன்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? மொதத் தடவ அனுப்புறதுக்கு முன்னால அந்த லிங்க்கைத் தொறந்து பாத்தீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

“பாத்தேனே, நாலும் தொறந்துச்சு” என்றேன். வேர்டில் திறந்தன என்பது நிஜம்தானே என்று எனக்குள் ஒருவன் உடனே வக்காலத்து வாங்கினான்.

அவள் முகம் தெளிந்தது. “அப்பச் சரிண்ணே. நீங்க பாத்தும் இப்படி ஆயிருக்குன்னா, எனக்கு இது விதிக்கல. நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சான்றிதழை நனையாமல் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்தாள். ஆள் சேரவில்லை என்று ஜீப் கால் மணி நேரம் எதிரிலேயே நின்றது. நான் கடையை விட்டு வெளியே வரவில்லை.